இயன் டொனால்ட்: கருவிலிருக்கும் சிசுவைக் கண்ணுக்குக் காட்டியவர்

1955ஆம் ஆண்டு ஜூலை 21ஆம் திகதி. ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகருக்கு அருகே, ரென்ஃப்ரூ என்ற இடத்திலிருந்த பாப்கொக் அன்ட் வில்கொக்ஸ் கொதிகலன் தொழிற்சாலைக்கு இரண்டு கார்கள் வந்து சேர்ந்தன. அவற்றின் பின்பகுதியில் இருந்தவை, சத்திரசிகிச்சைகளின்போது பெண்களின் வயிற்றிலிருந்து அகற்றப்பட்ட கட்டிகள். அவற்றைக் கொண்டுவந்தவர் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தின் மகப்பேற்று மருத்துவப் பேராசிரியர் இயன் டொனால்ட்.

உலோகத் தகடுகளின் உள்ளே, கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகள் இருக்கின்றனவா என்று ஒலியலைகளை அனுப்பிச் சோதிக்கும் கருவி ஒன்று அந்தத் தொழிற்சாலையில் இருந்தது. உலோகத்துக்குச் செய்வதை மனித உடலுக்கும் செய்யலாமா என்பதே டொனால்டின் கேள்வி. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகத் தொழிற்சாலையினர் பெரிய மாட்டிறைச்சித் துண்டு ஒன்றையும் எடுத்துவைத்திருந்தார்கள். நீர் நிறைந்த சூலகக் கட்டி ஒருவிதமாக எதிரொலித்தது. திண்மமான கருப்பை நார்க்கட்டி வேறொருவிதமாக எதிரொலித்தது. இரண்டையும் திறந்து பார்க்காமலே வேறுபடுத்தலாம் என்பது அன்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

இன்று கர்ப்பிணித் தாய்மார் முதல் மூன்று மாதங்களுக்குள் செய்துகொள்ளும் ஸ்கான் பரிசோதனையின் வரலாற்றில் அந்த நாளுக்கு முக்கிய இடம் உண்டு.

இழப்புகளோடு தொடங்கிய வாழ்க்கை

டொனால்ட் 1910 டிசம்பர் 27ஆம் திகதி இங்கிலாந்தின் கோர்ன்வால் பகுதியில் லிஸ்கெர்ட் என்ற ஊரில் பிறந்தார். தந்தை ஸ்கொட்லாந்தைச் சேர்ந்த மருத்துவர். தாய் பியானோ இசைக் கலைஞர். தந்தையின் உடல்நலம் கருதிக் குடும்பம் தென்னாபிரிக்காவுக்கு இடம்பெயர்ந்தது. அங்கே 1927இல் தொண்டைக்கரப்பான் நோய் வீட்டுக்குள் புகுந்தது. தாய் அதற்குப் பலியானார். சில மாதங்களில் தந்தையும் இறந்தார். பதினேழு வயதை எட்டும் முன்னரே டொனால்ட் பெற்றோர் இருவரையும் இழந்திருந்தார்.

கேப் டவுனில் பட்டப்படிப்பை முடித்த பின்னர் லண்டன் திரும்பி, சென் தோமஸ் மருத்துவமனையில் மருத்துவம் கற்று 1937இல் வைத்தியரானார். இரண்டாம் உலகப் போரின்போது பிரித்தானிய விமானப்படையில் மருத்துவ அதிகாரியாகச் சேர்ந்தார். தீப்பற்றி எரிந்துகொண்டிருந்த குண்டுவீச்சு விமானத்துக்குள் புகுந்து விமானிகளை மீட்டதற்காக, 1946இல் அவருக்கு அரச விருது வழங்கப்பட்டது. அந்த ஆண்டுகளிலேயே ராடார், சோனார் ஆகிய தொழில்நுட்பங்கள் அவருக்கு அறிமுகமாகின. அலையொன்றை அனுப்பி, அது திரும்பி வரும் நேரத்தைக் கொண்டு எதிரிலுள்ள பொருளின் தூரத்தைக் கணிப்பதே அவற்றின் அடிப்படை.

போருக்குப் பின்னர் லண்டனில், மூச்சுவிடச் சிரமப்படும் பச்சிளம் குழந்தைகளுக்கான சுவாசக் கருவிகளை உருவாக்குவதில் அவர் ஈடுபட்டார். கருவிகள் மீதான அவருடைய ஆர்வம் சக வைத்தியர்களிடையே கேலிக்கும் இலக்கானது. 1954இல் கிளாஸ்கோ பல்கலைக்கழகம் அவரை மகப்பேற்று மருத்துவப் பேராசிரியராக நியமித்தது. உயர்ந்த உருவமும் செம்பட்டை முடியும் சட்டென்று மூளும் கோபமும் கொண்ட மனிதர் என்றே அவரோடு பணியாற்றியவர்கள் அவரை நினைவுகூர்ந்தார்கள்.

பொறியியலாளரின் தொலைபேசி அழைப்பு

ஒலியலைகளை மருத்துவத்துக்குப் பயன்படுத்த முயன்றவர்களில் டொனால்ட் முதலாமவர் அல்லர். அமெரிக்காவில் ஜோன் வைல்ட், டக்ளஸ் ஹௌரி ஆகியோரும் சுவீடனில் எட்லர், ஹேர்ட்ஸ் ஆகியோரும் ஏற்கெனவே அந்தப் பாதையில் இறங்கியிருந்தார்கள். ஆனால் கர்ப்பிணிகளைப் பரிசோதிக்கும் நாளாந்த மருத்துவ முறையாக அதை மாற்றியதில் கிளாஸ்கோ குழுவுக்கே பெரும் பங்கு உண்டு.

அந்தக் குழு அமைந்தது ஏறக்குறையத் தற்செயலாகத்தான். கெல்வின் அன்ட் ஹியூஸ் என்ற நிறுவனத்தில் பணிபுரிந்த டொம் பிரவுன் என்ற இளம் பொறியியலாளர், உலோகச் சோதனைக் கருவியை ஒரு பேராசிரியர் மனிதர்கள் மீது பயன்படுத்துகிறாராம் என்று சக ஊழியர் மூலம் கேள்விப்பட்டார். உடனே டொனால்டுக்குத் தொலைபேசி அழைப்பு எடுத்தார். நேரில் சென்று பார்த்தபோது, அங்கிருந்த கருவி பழையது என்பதும் அந்த வேலைக்குப் பொருத்தமற்றது என்பதும் அவருக்குப் புரிந்தது. தனது நிறுவனத்தின் ஆதரவோடு புதிய கருவியை வடிவமைக்கத் தொடங்கினார். மகப்பேற்று வைத்தியரான ஜோன் மக்விகாரும் இணைந்துகொண்டார். வயிற்றின் மேல் ஒலிவ் எண்ணெய் தடவி, கருவியின் முனையைக் கையால் நகர்த்தி, சிறிது சிறிதாகப் படத்தைச் சேர்த்தெடுத்தார்கள். ஒலியலை காற்றைக் கடந்து உடலுக்குள் செல்லாது என்பதால் தோலுக்கும் கருவிக்கும் இடையே அந்த எண்ணெய் தேவைப்பட்டது. இன்றைய ஸ்கான் அறையில் தடவப்படும் குளிர்ந்த ஜெல் செய்வதும் அதே வேலையைத்தான்.

முதலில் பலர் நம்பவில்லை. ஒரு நோயாளி அந்த நிலையை மாற்றினார். குணப்படுத்த முடியாத இரைப்பைப் புற்றுநோய் என்று முடிவு கட்டப்பட்டிருந்த பெண் அவர். வயிறு பெரிதாக வீங்கியிருந்தது. ஸ்கான் கருவி காட்டிய எதிரொலிகளோ, உள்ளே இருப்பது நீர் நிறைந்த மிகப் பெரிய கட்டி என்பதைச் சுட்டின. டொனால்ட் சத்திரசிகிச்சை செய்து, புற்றுநோயற்ற அந்தச் சூலகக் கட்டியை அகற்றினார். அந்தப் பெண் உயிர் பிழைத்தார். அதன்பிறகு அந்தக் கருவியை விளையாட்டுப் பொருளாக யாரும் பார்க்கவில்லை.

1958 ஜூன் 7ஆம் திகதி, ‘லான்செட்’ மருத்துவ இதழில் டொனால்ட், மக்விகார், பிரவுன் ஆகிய மூவரும் எழுதிய கட்டுரை வெளியானது. நூறு நோயாளிகளின் அனுபவத்தை வைத்து எழுதப்பட்ட அதில் கருப்பையிலுள்ள சிசுவின் படங்களும் இடம்பெற்றன. அதே காலப்பகுதியில்தான் ஒக்ஸ்ஃபோர்டில் அலிஸ் ஸ்டுவர்ட், கர்ப்ப காலத்தில் எடுக்கப்படும் எக்ஸ்ரேக்கும் பிள்ளைகளின் புற்றுநோய்க்கும் தொடர்பிருப்பதை வெளிக்கொணர்ந்தார். கதிர்வீச்சு இல்லாத ஒரு வழி எவ்வளவு அவசியம் என்பதை அந்தக் கண்டுபிடிப்பு உணர்த்தியது.

நிறைந்த சிறுநீர்ப்பை தந்த விடை

ஆயினும் ஒரு தடை இருந்தது. முதல் மூன்று மாதங்களில் கருப்பை இடுப்பெலும்புக்குள் ஆழமாக மறைந்திருக்கும். அதற்கு முன்னால் காற்று நிறைந்த குடல் இருக்கும். எனவே ஆரம்பகாலக் கர்ப்பத்தைப் பார்க்க முடியவில்லை. சிறுநீர்ப்பை நிறைந்திருந்தபோது எடுக்கப்பட்ட படங்கள் தெளிவாக இருப்பதை 1963இல் டொனால்ட் கவனித்தார். நிறைந்த சிறுநீர்ப்பை குடலை ஒதுக்கிவிடுகிறது. அதிலுள்ள நீர் ஒலியலைக்கு ஜன்னல்போல வழிவிடுகிறது. ஸ்கானுக்கு முன்னர் தண்ணீர் குடித்துவிட்டு, சிறுநீர் கழிக்காமல் வரும்படி தாய்மாரிடம் சொல்லப்படுவதன் காரணம் இதுதான். யோனி வழியாகச் செய்யப்படும் ஸ்கானுக்கு மட்டும் இது தேவையில்லை. அதில் கருவி கருப்பைக்கு மிக அருகில் சென்றுவிடுகிறது.

1964இல் கிளாஸ்கோவின் யோர்க்ஹில் பகுதியில் குயின் மதர்ஸ் மகப்பேற்று மருத்துவமனை திறக்கப்பட்டது. அதன் திட்டமிடலில் டொனால்ட் நேரடியாகப் பங்கெடுத்தார். அங்கே அவருடைய துறையில் பணியாற்றிய ஹியூ ரொபின்சன், ஏழாவது வாரமளவிலேயே சிசுவின் இதயத் துடிப்பைக் கண்டறியலாம் என்று 1972இல் காட்டினார். மறுவருடம், சிசுவின் உச்சந்தலையிலிருந்து பிட்டம் வரையான நீளத்தை அளந்து கர்ப்பத்தின் வயதைச் சில நாள் வித்தியாசத்துக்குள் கணிக்கும் முறையை வெளியிட்டார். கடைசி மாதவிடாய்த் திகதி நினைவில்லாத தாய்க்கும் மாதவிடாய் ஒழுங்கற்ற தாய்க்கும் பிரசவத் திகதி இன்றும் அந்த அளவைக் கொண்டே சொல்லப்படுகிறது. திகதி தவறாகக் கணிக்கப்பட்டால், வளர்ச்சி குன்றிய சிசு சாதாரணமாகத் தோன்றலாம். உரிய காலம் வராத பிரசவம் செயற்கையாகத் தூண்டப்படலாம்.

ஆரம்ப ஸ்கான் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது

ஆறு, ஏழு வாரங்களில் ஸ்கான் செய்யப்பட்டால் பார்க்கப்படுபவை மூன்று: கர்ப்பம் கருப்பைக்குள்தான் இருக்கிறதா, இதயம் துடிக்கிறதா, சிசு ஒன்றா பலவா. மிக முன்கூட்டியே போனால் துடிப்புத் தெரியாமல் இருக்கலாம். அது கர்ப்பம் கலைந்ததற்கான உறுதியான அடையாளம் அல்ல. ஒன்றிரண்டு வாரங்கள் கழித்து மீண்டும் வரச் சொல்வது அதனால்தான். ஆனால் கடுமையான வயிற்று வலியோ இரத்தப்போக்கோ இருந்தால் அடுத்த திகதி வரை காத்திருக்கக்கூடாது.

பதினொன்று முதல் பதினான்கு வாரத்துக்குள் செய்யப்படும் ஸ்கானில் பிரசவத் திகதி உறுதிசெய்யப்படும். இரட்டையர் என்றால் அவர்கள் ஒரே நஞ்சுக்கொடியைப் பகிர்கிறார்களா என்பதும் இப்போதுதான் தெளிவாகத் தெரியும். சிசுவின் பின்கழுத்துத் தோலுக்கடியில் தேங்கும் திரவத்தின் தடிப்பும் அளக்கப்படலாம். லண்டன் கிங்ஸ் கல்லூரி மருத்துவமனையில் கைப்ரோஸ் நிக்கொலைடெஸ் தலைமையிலான குழு 1992இல் விவரித்த அளவு இது. அந்தத் தடிப்பு, தாயின் வயது, இரத்தப் பரிசோதனை ஆகிய மூன்றையும் சேர்த்து, டவுன் சின்ட்ரோம் இருப்பதற்கான வாய்ப்புக் கணிக்கப்படுகிறது.

வாய்ப்பு என்ற சொல்லையே இங்கே கவனிக்க வேண்டும். இந்தச் சோதனை பொதுவாக நூறு பேரில் ஐந்து பேர்வரை கூடிய வாய்ப்புள்ளவர்கள் என்று குறிக்கும். அவர்களில் மிகப் பெரும்பாலானோரின் பிள்ளைகளுக்கு டவுன் சின்ட்ரோம் இருக்காது. மறுபுறம், பாதிப்புள்ள பத்துச் சிசுக்களில் ஒன்றை அது தவறவிடவும் கூடும். உறுதியான பதில் வேண்டுமானால் நஞ்சுக்கொடித் திசுவையோ பனிக்குட நீரையோ எடுத்துச் சோதிக்க வேண்டும். அதில் கர்ப்பம் கலையும் சிறிய ஆபத்தும் உண்டு. எனவே ஸ்கான் அறிக்கையைத் தீர்ப்பாக எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய் அழுவதும் தவறு. எல்லாம் சரி என்ற உத்தரவாதமாக எடுத்துக்கொள்வதும் தவறு.

படத்தைப் பார்த்த பின்னர்

டொனால்டின் கடைசி ஆண்டுகளின் பெரும் போராட்டம் இந்த இடத்தில்தான் இருந்தது. ஆழ்ந்த கிறிஸ்தவ நம்பிக்கை கொண்ட அவர், பிரித்தானியாவின் 1967ஆம் ஆண்டின் கருக்கலைப்புச் சட்டத்தைக் கடுமையாக எதிர்த்தார். கருக்கலைப்பை நாடிவந்த பெண்களுக்கு ஸ்கான் படத்தைக் காட்டி அவர்களுடைய மனதை மாற்ற முயன்றார். அதே வேளை, அவர் உருவாக்கிய கருவி சிசுவின் குறைபாடுகளைக் கண்டறியும் சாதனமாகவும் வளர்ந்தது. அந்தக் கண்டறிதலின் அடிப்படையில் பலர் கர்ப்பத்தைத் தொடர்வதில்லை என்று முடிவெடுத்தார்கள். தன் கண்டுபிடிப்பு எடுத்துச்சென்ற இந்தத் திசை அவருக்கு வேதனை தந்தது.

அவருடைய கருத்தோடு உடன்படாத பெண்கள் பலர் இருந்தார்கள். தான் கேட்காத நேரத்தில் படத்தைக் காட்டி ஒரு பெண்ணின் மனதை அசைப்பது நியாயமா என்ற கேள்வி இன்னும் ஓயவில்லை. எதைப் பார்க்க வேண்டும், எதை அறிய வேண்டும் என்று தீர்மானிக்கும் உரிமை தாயிடமே இருக்க வேண்டும் என்பதை டொனால்டின் வாழ்க்கையிலிருந்தே நாம் கற்றுக்கொள்ளலாம். இலங்கையில் 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவைப்படி, தாயின் உயிரைக் காப்பாற்றும் நோக்கத்துக்காக மட்டுமே கருக்கலைப்பு அனுமதிக்கப்படுகிறது. அப்படியான நாட்டில் ஒரு தாய்க்குப் பரிசோதனைக்கு முன்னரே விளக்கம் தரப்படுவது இன்னும் அவசியமாகிறது. இந்த ஸ்கானில் எதைத் தேடுகிறீர்கள், சந்தேகம் வந்தால் அடுத்து என்ன செய்வீர்கள் என்ற இரண்டு கேள்விகளையும் கிளினிக்கிலேயே தயங்காமல் கேட்கலாம்.

டொனால்ட் தானே நீண்டகால நோயாளி. ருமற்றிக் இதய நோயால் பாதிக்கப்பட்டு, 1961 முதல் மூன்று பெரிய இதய சத்திரசிகிச்சைகளுக்கு உள்ளானார். ஒவ்வொரு முறையும் எழுந்து வேலைக்குத் திரும்பினார். 1976இல் ஓய்வுபெற்று, இங்கிலாந்தின் எசெக்ஸ் பகுதியிலுள்ள பாகில்ஷம் என்ற சிற்றூரில் மனைவி அலிக்ஸோடு வாழ்ந்தார். 1987 ஜூன் 19ஆம் திகதி அங்கேயே காலமானார். அவர் திட்டமிட்ட குயின் மதர்ஸ் மருத்துவமனை 2010இல் மூடப்பட்டது. அங்கே உருவான நீள அளவு மட்டும், திரையில் தெரியும் சில மில்லிமீற்றர்களாக, இன்றும் கர்ப்பிணித் தாய்மாரின் பிரசவத் திகதியைச் சொல்லிக்கொண்டிருக்கிறது.