சக்கரத்துக்குக் காவல் இருந்தவர்

காரைக்குடியிலிருந்து தேவகோட்டைக்குப் போகும் ரஸ்தாவில், சித்திரை மாதத்து மத்தியான வெயிலில் மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரியும். வழியில் வண்டியை நிறுத்தி டயரைத் தொட்டால் கை சுடும். அனுபவசாலிகள் இப்படித் தொட்டுப் பார்த்தே டயரில் காற்று சரியாக இருக்கிறதா என்று ஊகித்துவிடுவார்கள். இப்போது அந்த வேலையைச் செய்ய ஒரு சிறு கருவி வந்திருக்கிறது. காற்று அடைக்கும் வால்விலோ சக்கரத்தின் உட்புறத்திலோ அதைப் பொருத்தி விடுகிறார்கள். டயருக்குள் எத்தனை பவுண்டு காற்று இருக்கிறது, எவ்வளவு சூடு ஏறியிருக்கிறது என்பதை, வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே ஓட்டுகிறவரின் கண் எதிரில் எண்களாக அது காட்டுகிறது.

கருவி புதிதுதான். ஆனால் அது தீர்க்க வந்த கவலை, நம் பக்கத்து ரஸ்தாக்களில் நூறு வருஷத்துக்கு மேல் பழையது. அந்தக் கவலையைத் தம்முடையதாக ஏற்றுக்கொண்டு, அதிலிருந்தே பெரிய தொழிலை வளர்த்த ஒருவர் இருந்தார். டி. வி. எஸ். என்ற மூன்று எழுத்துக்களை அறியாதவர் தென்னாட்டில் இல்லை. அந்த எழுத்துக்களுக்கு உரியவரான டி. வி. சுந்தரம் அய்யங்காரே அவர்.

உத்தியோகத்தை விட்டார்

திருநெல்வேலிச் சீமையில் திருக்குறுங்குடி என்ற வைஷ்ணவ ஸ்தலம் இருக்கிறது. அதைப் பூர்வீகமாகக் கொண்ட குடும்பத்தில் 1877-ஆம் வருஷம் மார்ச்சு 22-ஆம் தேதி அவர் பிறந்தார். முதலில் வக்கீல் தொழிலைப் பார்த்தார். பிறகு ரயில்வேயிலும், அதன் பின் ஒரு பாங்கியிலும் உத்தியோகம் வகித்தார். மாதச் சம்பளம் வருகிற உத்தியோகத்தை விடுவது அந்தக் காலத்தில் லேசான காரியம் அல்ல. அதை அவர் விட்டார். 1911-இல் மதுரையில் சொந்த ஸ்தாபனத்தைத் தொடங்கி, அடுத்த வருஷமே பஸ் போக்குவரத்தில் இறங்கினார். தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் இடையே அவருடைய பஸ் ஓடியது.

அப்போது செட்டிநாட்டுக்கு ரயில் கிடையாது. திருச்சியிலிருந்து புதுக்கோட்டை, காரைக்குடி வழியாக மானாமதுரைக்கு ரயில் பாதை வந்து சேர்ந்ததே 1930 வாக்கில்தான். நகரத்தார் ஊர்களில் கட்டிய பெரிய பெரிய வீடுகளுக்குப் பர்மாத் தேக்கும் பளிங்குக் கல்லும் பெரும்பாலும் மாட்டு வண்டிகளிலேயே வந்து இறங்கின. இத்தகைய சீமையில் பஸ் விடுவதென்றால், ஜனங்கள் அதை நம்பி ஏற வேண்டும். புறப்பட்ட பஸ் போய்ச் சேரும் என்ற நம்பிக்கை பிறக்கும் வரையில், மாட்டு வண்டியை விட்டு யார் இறங்குவார்கள்?

லாட ஆணி செய்த தொல்லை

அந்த நம்பிக்கைக்குச் சத்துருவாக இருந்தது டயர். பெல்பாஸ்ட் நகரத்தில் கால்நடை வைத்தியராக இருந்த டன்லப் என்பவர், தம் மகனுடைய மூன்று சக்கர சைக்கிளுக்காகக் காற்றடைத்த டயரைச் செய்து, 1888-இல் அதற்கு உரிமை பெற்றார். அந்த டயர் மோட்டார் வண்டிக்கு வந்தபோது சுகமும் வந்தது, சங்கடமும் வந்தது. நம் ரஸ்தாக்களோ செம்மண்ணும் சரளையும் நிறைந்தவை. போதாக்குறைக்கு, போகிற வருகிற மாடுகளின் குளம்பிலிருந்து கழன்று விழுந்த லாட ஆணிகள் வழியெல்லாம் கிடக்கும். ஓர் ஆணி குத்தினால் போதும், பஸ்ஸில் வந்த அத்தனை பேரும் நடுக்காட்டில் இறங்கி நிற்க வேண்டியதுதான்.

மற்றவர்கள் இதைத் தலைவிதி என்று விட்டுவிட்டார்கள். சுந்தரம் அய்யங்கார் விடவில்லை. காலையில் முதல் பஸ் புறப்படுவதற்கு முன்பே, காந்தம் பொருத்திய வண்டி ஒன்றை ரஸ்தாவில் ஓட்டி, ஆணிகளைப் பொறுக்கி எடுக்க அவர் ஏற்பாடு செய்திருந்தார் என்று மதுரைப் பக்கத்துப் பெரியவர்கள் சொல்வதுண்டு. டி. வி. எஸ். பஸ் போவதைப் பார்த்துக் கடிகாரத்தைச் சரிசெய்துகொள்வார்கள் என்றும் சொல்வார்கள். இந்த இரண்டு கதைகளையும் சேர்த்துப் பார்த்தால்தான் விஷயம் விளங்கும். ஆணியை எடுத்ததால் பஸ் நேரத்துக்குப் போயிற்று. நேரத்துக்குப் போனதால் ஜனங்கள் நம்பினார்கள். சதர்ன் ரோட்வேஸ் என்ற பெயரில் அவருடைய பஸ்களும் லாரிகளும் தென் ஜில்லாக்களில் பெருகின.

யுத்த காலத்துச் சோதனை

பெரிய சோதனை இரண்டாவது உலக யுத்தத்தில் வந்தது. 1941 டிசம்பரில் ஜப்பானியர் மலேயாவில் இறங்கினார்கள். 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தது. அடுத்த மாதம் ரங்கூனும் வீழ்ந்தது. பர்மாவிலும் மலேயாவிலும் கொடுக்கல் வாங்கலும் ரப்பர்த் தோட்டங்களும் வைத்திருந்த செட்டிநாட்டுக் குடும்பங்களுக்கு அது பேரிடி. மலேயா ரப்பர் போனதால் டயருக்குப் பஞ்சம் வந்தது. பெட்ரோலுக்கும் பஞ்சம்.

பெட்ரோல் இல்லையென்றால் கரி இருக்கிறதே என்று, கரியை எரித்து அந்த வாயுவால் பஸ்ஸை ஓட்டும் டி. வி. எஸ். காஸ் பிளான்ட்டைச் சுந்தரம் அய்யங்கார் தயாரித்தார். புது டயர் கிடைக்காவிட்டால் பழைய டயருக்கு மறுபிறவி கொடுப்போம் என்று, தேய்ந்த டயருக்குப் புது ரப்பர் ஒட்டும் தொழிலையும் தொடங்கினார். தேய்ந்த மேற்பாகத்தைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புது ரப்பரை வைத்து, அச்சில் இட்டுச் சூடேற்றினால் டயர் மறுபடி உழைக்கும்.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. எல்லாப் பழைய டயரும் இதற்கு உதவாது. காற்றுக் குறைவாக ஓடிய டயர், சுற்றுக்குச் சுற்றுத் தரையில் அதிகமாக மடங்கி நிமிரும். அப்படி மடங்கி நிமிர்வதால் உள்ளே சூடு பிறக்கும். அந்தச் சூட்டில் உள்ளிருக்கும் நூல் வரிசையும் ரப்பரும் ஒன்றைவிட்டு ஒன்று பிரியும். மேலே பார்த்தால் டயர் நன்றாகவே இருக்கும். உள்ளே உயிர் இராது. அதற்கு எந்த ரப்பரை ஒட்டியும் பயன் இல்லை. டயரின் காற்றைத் தினம் கவனித்தவனுக்குத்தான் அது இரண்டாம் தடவையும் உழைத்தது.

வீட்டில் வந்த துயரம்

தொழிலில் வந்த இடையூறுகளுக்கு வழி கண்ட அவருக்கு, வீட்டில் ஒரு பெருந்துயரம் காத்திருந்தது. அருமை மகள் சௌந்தரம் இளம் வயதிலேயே கணவனை இழந்தார். அக்காலத்து வழக்கப்படி அவரை வீட்டுக்குள் முடக்கிவிடாமல், டில்லிக்கு அனுப்பி வைத்தியம் படிக்கச் செய்தார்கள். 1936-இல் டாக்டரான சௌந்தரம், 1940-இல் ஜி. ராமச்சந்திரனை மறுமணம் செய்துகொண்டார். 1947-இல் திண்டுக்கல்லுக்கு அருகே காந்திகிராமத்தை நிறுவிப் பெரும்புகழ் பெற்றார்.

சுந்தரம் அய்யங்கார் தொழிலைத் தம் பிள்ளைகளிடம் ஒப்படைத்துவிட்டு ஓய்வு பெற்றார். 1955 ஏப்ரல் 28-ஆம் தேதி கொடைக்கானலில் காலமானார். 1970-களின் தொடக்கத்தில் அந்த பஸ்கள் அரசாங்கத்தின் வசமாயின. ஆயினும் டயரோடு அந்தக் குடும்பத்துக்கு இருந்த உறவு அறுபடவில்லை. மோட்டார் சைக்கிளுக்கும் ஸ்கூட்டருக்கும் டயர் செய்யும் டி. வி. எஸ். ஸ்ரீசக்ரா 1982-இல் தொடங்கியது. மேலூர் ரஸ்தாவில் வெள்ளரிப்பட்டியில் அதன் தொழிற்சாலை இருக்கிறது.

வெயில் காலத்துத் தவறு

நம் பக்கத்தில் பலர் செய்யும் தவறு ஒன்றை இங்கே சொல்லவேண்டும். வெயில் காலத்தில் டயர் வெடித்துவிடும் என்று பயந்து, காற்றைக் குறைத்துக்கொண்டு ஓட்டுகிறார்கள். இது நெருப்புக்கு நெய் வார்ப்பது போல. 30 பவுண்டு காற்றுள்ள டயரில் 20 டிகிரி சூடு ஏறினால் அழுத்தம் சுமார் 3 பவுண்டுதான் கூடும். அதைத் தாங்கும்படியே டயரைச் செய்திருக்கிறார்கள். டயரை முக்கியமாகக் கெடுப்பது காற்றுக் குறைவும், அதனால் வரும் உட்சூடும், அதிகப்படியான பாரமுமே. ஆகையால், காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது, கம்பெனி சொன்ன அளவுக்குக் காற்றைச் சரிபார்க்க வேண்டும். ஓடிச் சூடேறிய டயரிலிருந்து காற்றை இறக்கவே கூடாது.

புதுக் கருவி உள்ளவர்கள் அதன் எண்களில் இரண்டைக் கவனித்தால் போதும். காற்று சிறிது சிறிதாக இறங்கிக்கொண்டே வந்தால் எங்கோ ஆணி குத்தியிருக்கலாம். ஒரு சக்கரத்தின் சூடு மட்டும் வழக்கத்துக்கு மேல் ஏறினால் உடனே ஓரமாக நிறுத்திப் பார்க்கவேண்டும். கருவி இல்லாதவர்களுக்கு ஐந்து நிமிஷமும் பக்கத்துக் கடையில் உள்ள காற்று அளக்கும் மானியும் போதும்.

ரஸ்தாக்களில் இன்று லாட ஆணி அருகிவிட்டது. இரும்புத் திருகும் கம்பித் துண்டும் கிடக்கின்றன. நமக்கு முன்னே காந்த வண்டி எதுவும் போகப் போவதில்லை. புறப்படுவதற்கு முன்பே ஆபத்தைத் தேடிப் பொறுக்கிய சுந்தரம் அய்யங்காரின் வேலையை, இனி அவரவர் வண்டிக்கு அவரவரே செய்துகொள்ள வேண்டியதுதான்.