ஓட்டு கேட்கப் போய் உண்மையைச் சொன்னவர்

தேர்தல் வந்துட்டா வேட்பாளர்கள் நம்மைப் புகழ ஆரம்பிச்சிடுவாங்க. நாம நல்லவங்க, உழைப்பாளிங்க, எல்லாம் தெரிஞ்சவங்க. ஆனா மக்களைக் குறை சொல்லி எழுதினதை அவங்க முன்னாடியே ஒத்துக்கிட்டு ஜெயிச்ச ஒருத்தர் இருக்கார். அவர்தான் தத்துவ அறிஞர் ஜான் ஸ்டூவர்ட் மில்.

1806-ல் லண்டனில் பிறந்தவர். அப்பா பள்ளிக்கூடத்துக்கே அனுப்பவில்லை. மூணு வயசுலயே வீட்டில் கிரேக்கம் கத்துக்கொடுத்தார். இருபது வயசுல, அதாவது கிட்டத்தட்ட நம்ம வயசுல, எதிலயும் பிடிப்பில்லாம மில் மனசு உடைஞ்சு போனார். கவிதை படிச்சு மெல்ல மீண்டார். கிழக்கிந்தியக் கம்பெனியின் லண்டன் அலுவலகத்தில் 35 வருஷம் வேலை. 1843-ல் தர்க்கவியல் பற்றி ஒரு பெரிய புத்தகம் எழுதினார். நாம எப்படியெல்லாம் தப்பா யோசிக்கிறோம் என்பதற்கு அதில் ஒரு தனிப் பகுதியே இருக்கு.

1865-ல் வெஸ்ட்மின்ஸ்டர் தொகுதியில் அவரை நிக்கச் சொன்னாங்க. வீடு வீடா ஓட்டு கேட்க மாட்டேன், பணம் செலவழிக்க மாட்டேன், ஜெயிச்சாலும் தொகுதியோட சொந்த வேலைகளைப் பார்க்க மாட்டேன் என்றார். பெண்களுக்கும் ஓட்டுரிமை வேணும்னும் சொல்லிட்டார்.

தொழிலாளர்கள் நிறைந்த ஒரு கூட்டம். உழைக்கும் மக்களில் பெரும்பாலானவங்க பொய் சொல்றவங்கன்னு மில் முன்பு எழுதியிருந்தார். எதிர்த்தரப்பு அதைத் தட்டியில் எழுதிக் கொண்டுவந்து, நீங்கதானே எழுதினீங்கன்னு கேட்டது. மழுப்ப எவ்வளவோ வழி இருந்தது. மில் ஆமாம் என்று மட்டும் சொன்னார். கூட்டம் கைதட்டியது! சுத்தி வளைச்ச பதில்களையே கேட்டுப் பழகினவங்களுக்கு, இவரை நம்பலாம்னு தோணியிருக்கு.

ஜெயிச்சார். 1867-ல் பெண்களுக்கும் ஓட்டுரிமை கேட்டுத் திருத்தம் கொண்டுவந்தார். கிடைச்சது 73 ஓட்டு, திருத்தம் தோத்தது. 1868 தேர்தலில் அவரே தோத்தார். சார்லஸ் பிராட்லா என்ற நாத்திகருடைய தேர்தல் செலவுக்கு நன்கொடை கொடுத்தது ஒரு காரணம். அது தனக்குப் பாதகமாகும்னு தெரிஞ்சேதான் கொடுத்தார். 1873-ல் பிரான்ஸில் இறந்தார்.

உண்மை சொன்னா எப்பவும் ஜெயிக்கலாம்னு மில்லோட கதை சொல்லலை. ஒரு தடவை ஜெயிச்சார், ஒரு தடவை தோத்தார். ரெண்டு தடவையும் பேச்சை மாத்தலை. அடுத்த பிரச்சாரத்தில் யாராவது நம்மைப் புகழ்ந்தா, ஒரு நேரடிக் கேள்வி கேட்டுப் பார்ப்போம். ஆமாம், இல்லைன்னு பதில் வருதா?