சோர்வு நோயின் வேரைத் தேடிய எல்லாப்பிரகட சுப்பாராவ்: ஃபோலிக் அமிலம் கிடைத்த வரலாறு

ஓயாத வயிற்றுப்போக்கு, புண்ணான நாக்கு, இரத்தசோகை, எழுந்து நடக்கவும் இயலாத சோர்வு. ஸ்ப்ரூ எனப்படும் இந்த வெப்பமண்டலக் குடல்நோய், எல்லாப்பிரகட சுப்பாராவின் சகோதரர்கள் இருவரின் உயிரைப் பறித்தது. அவரும் அதே நோயால் துன்புற்றார். அந்நோய்க்கான இரு மருந்துகளோடும் பிற்காலத்தில் அவரது பெயர் இணைந்தது.

1895 ஜனவரி 12 அன்று, அன்றைய சென்னை மாகாணத்தின் பீமாவரத்தில் பிறந்தார் சுப்பாராவ். மெட்ரிகுலேஷன் தேர்வில் மூன்றாம் முயற்சியில்தான் தேறினார். சென்னை மருத்துவக் கல்லூரியில் கதர் ஆடை அணிந்து ஆங்கிலேயப் பேராசிரியரின் அதிருப்திக்கு ஆளானதால், முழுமையான எம்.பி.பி.எஸ். பட்டத்துக்குப் பதில் எல்.எம்.எஸ். சான்றிதழே கிடைத்தது. சென்னை ஆயுர்வேதக் கல்லூரியில் சில காலம் பாடம் நடத்திய பின், 1920-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரை அடைந்தார்.

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் சைரஸ் ஃபிஸ்கேயுடன் இணைந்து, உடலின் ஆற்றல் நாணயமான ஏ.டி.பி. குறித்த ஆய்வை 1929-இல் வெளியிட்டார். 1940-இல் லெடர்லே ஆய்வகத்தில் சேர்ந்ததும் அவரது கவனம் ஸ்ப்ரூவின் பக்கம் திரும்பியது.

அதற்குச் சுமார் பத்தாண்டுகளுக்கு முன், மும்பையில் கர்ப்பிணிகளின் இரத்தசோகையை ஈஸ்ட் சாறு தீர்ப்பதை ஆங்கிலேய மருத்துவர் லூசி வில்ஸ் கண்டறிந்திருந்தார். அச்சாற்றில் இருந்த சத்துதான் ஃபோலிக் அமிலம். அச்சத்து இருந்தால் மட்டுமே வளரும் லாக்டோபேசில்லஸ் பாக்டீரியாவே அதை அளக்கும் கருவியாக ஆய்வகங்களில் பயன்பட்டது. சுப்பாராவ் தலைமையிலான குழு 1945-இல் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்தது. விரைவிலேயே ஸ்ப்ரூ நோயாளிகளுக்கு அது வழங்கப்பட்டது, பலர் தேறினர்.

ஆனால், அந்த மாத்திரை மட்டும் எல்லோருக்கும் போதவில்லை. ஸ்ப்ரூவில், சிறுகுடலில் வேண்டாத பாக்டீரியாக்கள் பெருகுகின்றன. குடலின் உறிஞ்சு பரப்பு சிதைகிறது. உணவில் சத்து இருந்தும் இரத்தத்தில் சேர்வதில்லை. சிலருக்கு வைட்டமின் பி12-உம் குறைந்திருக்கும். அவர்களுக்கு ஃபோலிக் அமிலம் மட்டும் கொடுத்தால் இரத்தசோகை தணியும். நரம்புப் பாதிப்போ மறைவாக முற்றும்.

இதற்கான மறுபாதி விடையும் அதே ஆய்வகத்திலிருந்து வந்தது. சுப்பாராவின் வழிகாட்டுதலில் பெஞ்சமின் டக்கர் கண்டறிந்த ஆரியோமைசின், 1948-இல் அறிமுகமானது. டெட்ராசைக்ளின் வகையின் முதல் நுண்ணுயிர்க்கொல்லி அது. அவ்வாண்டு ஆகஸ்டில், 53-ஆம் வயதில் சுப்பாராவ் மறைந்தார்.

1960-களில் வட ஆற்காடு கிராமங்களில் கொள்ளைநோயாகப் பரவிய ஸ்ப்ரூவை வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் ஆராய்ந்தனர். இன்றும் ஃபோலிக் அமிலமும் டெட்ராசைக்ளினும் சேர்ந்ததே இந்நோய்க்கான வழக்கமான சிகிச்சை. தேவைப்படுவோருக்கு பி12-உம் தரப்படுகிறது.

1995-இல் இந்திய அஞ்சல் துறை அவரது நூற்றாண்டையொட்டி அஞ்சல்தலை வெளியிட்டது. சோர்வுக்கு மாத்திரை விழுங்கும் முன், எந்தச் சத்து குறைந்தது, குடல் அதை ஏற்கிறதா என்று பரிசோதித்து அறிய வேண்டும் என்பதே அவரது பணி விட்டுச்சென்ற பாடம்.