சீனிவாச இராமானுசன்

சீனிவாச இராமானுசன் (டிசம்பர் 22, 1887 - ஏப்ரல் 26, 1920) தமிழ்நாட்டில் பிறந்த கணித மேதை ஆவார். எண் கோட்பாடு, முடிவிலாத் தொடர்கள், தொடரும் பின்னங்கள் ஆகியவற்றில் இவர் கண்ட முடிவுகள் உலகப் புகழ் பெற்றவை. முனைகளையும் அவற்றை இணைக்கும் விளிம்புகளையும் ஆராயும் கோட்டுருவியலில் இவர் ஆய்வு செய்தவரல்லர். எனினும், வலையமைப்பு ஆய்வில் மிகச் சிறந்தவையாகக் கருதப்படும் ஒரு வகைக் கோட்டுருக்கள், இவர் 1916 இல் வெளியிட்ட ஓர் ஊகத்தின் காரணமாக இராமானுசன் கோட்டுருக்கள் என்று அழைக்கப்படுகின்றன.

இளமை

இராமானுசன் ஈரோட்டில் தம் தாய்வழிப் பாட்டனார் இல்லத்தில் பிறந்தார். தந்தை சீனிவாச அய்யங்கார் கும்பகோணத்தில் ஒரு துணிக்கடையில் கணக்கராகப் பணிபுரிந்தார். தாயார் பெயர் கோமளத்தம்மாள். கும்பகோணம் நகர உயர்நிலைப் பள்ளியில் பயின்றபோது, 1903 ஆம் ஆண்டளவில், ஜி. எஸ். கார் எழுதிய கணிதத் தொகுப்பு நூல் இவருக்குக் கிடைத்தது. ஏறத்தாழ 5,000 முடிவுகளைப் பெரும்பாலும் நிறுவல் இன்றியே அடுக்கித் தரும் நூல் அது. அவற்றைத் தாமே நிறுவிப் பார்க்கத் தொடங்கிய இராமானுசன், தம் சொந்த முடிவுகளையும் குறிப்பேடுகளில் எழுதலானார்.

1904 இல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையுடன் சேர்ந்தார். கணிதம் தவிர்த்த பாடங்களில் கவனம் செலுத்தாததால் உதவித்தொகையை இழந்தார். பின்னர் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் பயின்றும் எப். ஏ. தேர்வில் தேறவில்லை. பட்டம் இல்லாத நிலையில் 1909 இல் ஜானகியை மணந்தார். அதன் பின் வருவாய் தேடுவது கட்டாயமாயிற்று.

திருக்கோவிலூர்ப் பயணம்

1910 இல் இராமானுசன் திருக்கோவிலூருக்குச் சென்றார். தென்பெண்ணை ஆற்றங்கரையில் அமைந்த இவ்வூர், விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலைக்குச் செல்லும் இருப்புப்பாதையில் உள்ளது. அன்று தென்னார்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது; 2019 முதல் கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் அடங்குகிறது. இந்தியக் கணிதக் கழகத்தை 1907 இல் தோற்றுவித்த வி. இராமசாமி அய்யர் அப்போது அங்குத் துணை ஆட்சியராக இருந்தார்.

அவரிடம் இராமானுசன் வேண்டியது ஓர் எழுத்தர் வேலை மட்டுமே. குறிப்பேடுகளைப் பார்த்து வியந்த இராமசாமி அய்யர், வருவாய்த் துறையின் கடைநிலைப் பணியில் அமர்த்தினால் அத்திறமை மங்கிவிடும் என்று கருதி, வேலை தர மறுத்தார். அதற்கு மாறாக, சென்னையில் இருந்த கணித அறிஞர்களுக்கு அறிமுகக் கடிதங்கள் எழுதிக் கொடுத்தார். அவற்றின் வழியாக இராமானுசன் பேராசிரியர் பி. வி. சேசு அய்யரையும், பின்னர் நெல்லூர் ஆட்சியர் ஆர். இராமச்சந்திர ராவையும் அடைந்தார். இராமச்சந்திர ராவ் சிறிது காலம் இவருக்குப் பொருளுதவி செய்தார். இவருடைய முதல் ஆய்வுக் கட்டுரை 1911 இல் கணிதக் கழகத்தின் இதழில் வெளிவந்தது. 1912 மார்ச் 1 அன்று சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய் ஊதியத்தில் எழுத்தரானார்.

கேம்பிரிட்ஜ் வாழ்க்கை

1913 சனவரி 16 ஆம் நாளிட்ட கடிதத்தில் இராமானுசன் தம் முடிவுகள் பலவற்றைக் கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர் ஜி. எச். ஹார்டிக்கு அனுப்பினார். அவற்றின் மதிப்பை உணர்ந்த ஹார்டி இவரை இங்கிலாந்துக்கு வரவழைக்க முயன்றார். அதே ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆய்வு உதவித்தொகை வழங்கியது. 1914 மார்ச் 17 அன்று சென்னையிலிருந்து கப்பலேறினார். 1916 இல் ஆய்வின் அடிப்படையில் கேம்பிரிட்ஜ் பட்டம் பெற்றார். 1918 இல் அரச கழகத்தின் உறுப்பினராகவும் திரித்துவக் கல்லூரியின் ஆய்வாளராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

1917 இல் தொடங்கிய நோய் இவரை விடவில்லை. 1919 இல் நாடு திரும்பிய இராமானுசன், அடுத்த ஆண்டு ஏப்ரல் 26 அன்று சென்னை சேத்துப்பட்டில் தமது 32 ஆம் அகவையில் காலமானார். மனைவி ஜானகி அம்மாள் 1994 வரை வாழ்ந்தார்.

டௌ சார்பு

ஓர் எண்ணை 24 வர்க்கங்களின் கூடுதலாக எத்தனை வழிகளில் எழுதலாம் என்பது 1916 ஆம் ஆண்டுக் கட்டுரையில் இராமானுசன் ஆராய்ந்த வினாக்களுள் ஒன்று. விடையின் பெரும்பகுதி எளிய வாய்பாட்டில் அடங்கியது. எஞ்சிய பிழைப் பகுதியில் தோன்றும் எண்களை அவர் டௌ சார்பு என்று குறித்தார். அதன் முதல் ஐந்து மதிப்புகள் 1, -24, 252, -1472, 4830 என்பனவாகும்.

பகா எண் ஒன்றுக்கு டௌ சார்பின் அளவு, அப்பகா எண்ணின் 11 ஆம் அடுக்கின் வர்க்கமூலத்தைப்போல் இரு மடங்கை மீறாது என்று அவர் ஊகித்தார். எடுத்துக்காட்டாக, 2 என்னும் பகா எண்ணுக்கு வரம்பு ஏறத்தாழ 90.5, சார்பின் அளவு 24. இவ்வூகத்தை 1974 இல் பெல்ஜியக் கணிதவியலாளர் பியேர் தெலீன் நிறுவினார். இதே வகையைச் சேர்ந்த எளிய ஊகம் ஒன்றை மார்ட்டின் ஐக்லர் 1954 இலேயே நிறுவியிருந்தார்.

இராமானுசன் கோட்டுருக்கள்

திருவண்ணாமலைக் கிரிவலப் பாதையிலுள்ள எட்டு இலிங்கங்களை முனைகளாகவும், இடைப்பட்ட வழிகளை விளிம்புகளாகவும் கொண்டால் 8 முனைகளும் 8 விளிம்புகளும் உடைய வளையக் கோட்டுரு கிடைக்கும். அதில் எவையேனும் இரு விளிம்புகளை நீக்கினால் வளையம் இரண்டாகப் பிரிந்துவிடும். விளிம்புகளை அதிகம் சேர்க்காமலே, எளிதில் துண்டிக்க இயலாத கோட்டுருவை அமைப்பது எவ்வாறு என்பது வலையமைப்பின் அடிப்படைச் சிக்கல்.

அலெக்சாண்டர் லுபோட்ஸ்கி, இரால்ப் பிலிப்ஸ், பீட்டர் சர்னாக் ஆகிய மூவரும் 1988 இல் இதற்குத் தீர்வு தந்தனர். கிரிகோரி மார்குலிசும் தனியே இதே முடிவை அடைந்தார். ஒவ்வொரு முனையிலும் ஒரே எண்ணிக்கையில் விளிம்புகள் அமைந்த கோட்டுருவில், அவ்வெண்ணிக்கைக்குச் சமமான அளவுள்ளவை தவிர்த்த பிற ஐகென் மதிப்புகள் அனைத்தும், எண்ணிக்கையில் ஒன்று குறைத்துக் கிடைக்கும் எண்ணின் வர்க்கமூலத்தைப்போல் இரு மடங்குக்குள் அடங்கினால் அது இராமானுசன் கோட்டுரு. வரம்பின் வடிவம் இராமானுசனின் ஊகத்தை ஒத்தது. 5, 13 என்னும் பகா எண்களிலிருந்து அமையும் கோட்டுருவில் 2,184 முனைகளும் 6,552 விளிம்புகளும் உண்டு. ஒவ்வொரு முனையிலும் உள்ள 6 விளிம்புகள், 5 என்ற எண்ணை நான்கு வர்க்கங்களின் கூடுதலாக எழுதும் குறிப்பிட்ட 6 வழிகளிலிருந்து பெறப்படுகின்றன. இவ்வகைக் கோட்டுருக்கள் இவ்வரம்புக்கு உட்பட்டவை என்பதற்கு ஐக்லரின் முடிவே அடிப்படை.

கணினியில் அமைத்தல்

சிறிய இராமானுசன் கோட்டுருக்களை இணைய உலாவியில் இயங்கும் ஜாவாஸ்கிரிப்ட் நிரல்மொழியிலேயே அமைக்கலாம். 10 முனைகளும் 15 விளிம்புகளும் கொண்ட பீட்டர்சன் கோட்டுரு நல்ல எடுத்துக்காட்டு. ஒவ்வொரு முனைக்கும் அதன் அண்டை முனைகளின் பட்டியலைச் சேமித்தால் போதும். 0 முதல் 4 வரை வெளி வளையமாகவும், 5 முதல் 9 வரை ஒன்று விட்டு ஒன்றை இணைத்து உள் நட்சத்திரமாகவும் அமைத்து, 0 ஐ 5 உடனும் 1 ஐ 6 உடனும் இவ்வாறே பிறவற்றையும் இணைக்க வேண்டும். விளிம்பைச் சேர்க்கும்போதும் நீக்கும்போதும் இரு முனைகளின் பட்டியல்களையும் மாற்றுதல் இன்றியமையாதது.

அதன் ஐகென் மதிப்புகள் 3, 1, -2. வரம்பு ஏறத்தாழ 2.83. முனைகளுக்குக் கூடுதல் சுழியாகும்படி எண்களை இட்டு, ஒவ்வொன்றையும் அதன் அண்டை எண்களின் கூடுதலால் மீண்டும் மீண்டும் மாற்றினால், பொதுவாக எண்களின் அளவு சுற்றுக்கு ஏறத்தாழ 2 மடங்காக வளர்வதை நிரலில் காணலாம். இக்கோட்டுருவை ஐந்து ஐந்து முனைகளாகப் பிரிக்கக் குறைந்தது 5 விளிம்புகளை நீக்க வேண்டும். திரையில் வரைவதற்கு, 2011 இல் வெளிவந்த டி3 போன்ற நிரலகங்கள் உதவுகின்றன.

நினைவு

இராமானுசன் மறைந்து 56 ஆண்டுகளுக்குப் பின், 1976 இல், அவருடைய இறுதிக்கால எழுத்துத் தாள்களைத் திரித்துவக் கல்லூரி நூலகத்தில் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் கண்டெடுத்தார். 2012 முதல் டிசம்பர் 22 இந்தியாவில் தேசியக் கணித நாளாகக் கொண்டாடப்படுகிறது.