செய்தி சமைத்த வீரர்

வேல்சு நாட்டின் திரெமடாக் என்னும் சிற்றூரில், 1888ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 16ஆம் நாள் தாமஸ் எட்வர்டு லாரன்ஸ் பிறந்தார். ஆக்ஸ்போர்டில் வரலாறு பயின்ற காலத்தில், 1909இல், சிலுவைப்போர்க் கோட்டைகளைக் காணும் வேட்கையால் சிரியாவைக் கால்நடையாகவே சுற்றினார். பின்னர் யூப்ரடீஸ் கரையில் கார்க்கெமிஷ் அகழாய்வில் பணியாற்றிய ஆண்டுகளில் அரபு மொழி அவருக்குக் கைவந்தது. முதல் உலகப்போர் மூண்டதும் கெய்ரோவில் பிரிட்டனின் உளவுப் பிரிவில் சேர்ந்தார்.

மக்காவின் ஷரீப் ஹுசைன் துருக்கியருக்கு எதிராகக் கிளர்ந்தது 1916 ஜூனில். லாரன்ஸ் ஹிஜாஸில் கால்வைத்தது அக்டோபரில். பிற்காலச் செய்திகள் தலைகீழாக்கியது இந்த வரிசையைத்தான். கிளர்ச்சிக்கும் முன்பே, மே 6ஆம் நாள், டமாஸ்கஸிலும் பெய்ரூட்டிலும் அரபு நாட்டுப்பற்றாளர் பலர் தூக்கிலிடப்பட்டனர். அவர்களுள் ஒருவர் அல்-முஃபீத் நாளேட்டின் ஆசிரியர் அப்துல் கனி அல்-உரைசி. நாளேடும் அச்சகமும் அரசியல் சங்கங்களும் கண்ட சமுதாயம் அது. 1917 ஜூலையில் அகபா வீழ்ந்தபோது ஹுவைதாத் குலத்து அவ்தா அபூ தாயி முன்னின்றார், லாரன்சும் உடனிருந்தார்.

அமெரிக்கச் செய்தியாளர் லோவெல் தாமஸ் அரேபியாவில் தங்கியது சிறிது காலமே. 1919 ஆகஸ்டில் இலண்டன் கோவென்ட் கார்டன் அரங்கில், நிழற்படமும் திரைப்படமும் இசையும் கலந்து அவர் நடத்திய காட்சிக்குக் கூட்டம் அலைமோதியது. அதில் ஒட்டகமும் மணலும் முக்காடும் அரபு நாடாயின. உரைசியின் அச்சகத்துக்கு இடமில்லை. வெள்ளுடை வேந்தன் ஒருவன் வந்து எழுப்பும்வரை உறங்கிக் கிடந்த கூட்டம் என்றே மக்கள் நம்பினர். லாரன்ஸ் மறைவாய் வந்து பலமுறை கண்டார்; அரபு உடையணிந்து இலண்டனிலேயே படத்துக்கும் நின்றார். பழியில் அவருக்கும் பங்குண்டு.

ஆயினும் அவர் மனம் ஆறவில்லை. விடுதலை வாக்களிக்கப்பட்ட அரபு நிலத்தைப் பிரிட்டனும் பிரான்சும் 1916லேயே மறைவில் பங்கிட்டிருந்தன. 1920இல் பிரெஞ்சுப் படை டமாஸ்கஸைக் கைப்பற்றி ஃபைசலை வெளியேற்றியது. ஈராக்கில் பிரிட்டன் நடத்திய ஆட்சியைக் கண்டித்து அவர் நாளேடுகளில் எழுதினார். வீரக்கதையை நாடிய அளவுக்கு அக்கண்டனத்தை எவரும் நாடவில்லை.

1922இல் பெயரை மாற்றி வான்படையில் கடைநிலை ஊழியராய்ச் சேர்ந்தார். அவ்வாண்டு டிசம்பரிலேயே நாளேடுகள் அவரைக் காட்டிக்கொடுத்தன; வேலை போயிற்று. ஷா என்ற பெயருடன் மீண்டும் சேர்ந்து, 1927இல் கராச்சிக்கும் அடுத்த ஆண்டு மிரான்ஷாவுக்கும் வந்தார். அங்கே எழுத்தர் வேலையில் இருந்தவரை, முஸ்லிம் மகானாய் மாறுவேடம் பூண்டு ஆப்கானியரைக் கிளறிவிடும் ஒற்றர் என்று செய்தி புனைந்தனர். எந்தக் கற்பனை அரபு மக்களை மறைத்ததோ, அதுவே அவரையும் விழுங்கியது. 1929 ஜனவரியில் அவர் இங்கிலாந்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்.

1935 மே 13ஆம் நாள் மோட்டார் சைக்கிள் விபத்தில் சிக்கி, 19ஆம் நாள் மறைந்தார். 1962இல் வெளிவந்த திரைப்படம் அவர் புகழை மீண்டும் பரப்பியது. அதே ஆண்டில் ஜோர்டான் வரலாற்றறிஞர் சுலைமான் மூசா, கிளர்ச்சியில் பங்குகொண்ட அரபு மக்களின் சான்றுகளைத் திரட்டி, லாரன்சைப் பற்றி அரபு மொழியில் ஒரு நூல் வெளியிட்டார். அது ஆங்கிலத்தில் வர மேலும் நான்கு ஆண்டுகள் ஆயின.