ரோசா பொன்னேர் அம்மையார்

பிரான்சு நாட்டுப் போர்தோ நகரில் 1822-ஆம் ஆண்டு ஓவியர் ஒருவரின் மகளாய்த் தோன்றியவர் ரோசா பொன்னேர் அம்மையார். விலங்கினங்களை வரைவதில் அவர்க்கு நிகராவார் அந்நாளில் அரியர். பாரிசு நகரத்துக் குதிரைச் சந்தைக்கு ஆணுடையிற் சென்று வரைந்து பழகினார். மகளிர் காற்சட்டை அணியக் காவலரிடம் உரிமைச்சீட்டுப் பெறவேண்டிய காலம் அது, என்னே விந்தை! 1853-இல் 'குதிரைச் சந்தை' என்னும் பேரோவியம் காட்சிக்கு வரவே, அவர் புகழ் கடல் கடந்தது.

எனினும் அவர்தம் இல்வாழ்க்கையே ஈண்டு நாம் கருதற்பாலது. மணத்தை வேண்டாராய், இளமைத் தோழி நாதாலி மிக்காவுடன் நாற்பதாண்டிற்கு மேல் ஒருமனைப்பட்டு வாழ்ந்தார். 1889-இல் நாதாலி இறந்தபின் அம்மையார் பெருந்தனிமையுற்றார். 1898-இல் அவர் உருவை எழுத வந்த அமெரிக்க ஓவியர் அன்னா கிளம்ப்கி அம்மனையிலேயே தங்கிவிட்டார். தம் வரலாறெழுதும் பணியையும் உடைமை முழுவதையும் அன்னாவுக்கே அளித்து, மறு ஆண்டில் அம்மையார் மறைந்தார். உறவினர் சினந்தனர். அன்னாவோ 1908-இல் அந்நூலை வெளியிட்டு, உலகம் மறந்துவிடக்கூடிய அவ்வில்வாழ்வை ஏட்டில் நிறுத்தினார். அவர் தீட்டிய உருவப்படம், குதிரைச் சந்தை உள்ள அதே நியூயார்க்குக் காட்சிச்சாலையில் இருக்கின்றது. தம்மைப்போல் வாழ்ந்தோர் முன்னும் இருந்தனரோ எனத் தேடும் ஒருபாற் காதலர் இன்று அவற்றை நாடுகின்றனர்.  அவ்வுறவுக்குப் பெயரிட யாம் துணிகிலேம். பாரிசு நகரத்துப் பெர் லாஷேசு கல்லறைத் தோட்டத்தில் மூவரும் ஒரே கல்லறையில் துயில்கின்றனர்.