ஜோ டேவிஸ்

ஜோ டேவிஸ் (ஏப்ரல் 15, 1901 - ஜூலை 10, 1978) இங்கிலாந்தைச் சேர்ந்த ஸ்னூக்கர், பில்லியர்ட்ஸ் ஆட்டக்காரர் ஆவார். உலகத் தொழில்முறை ஸ்னூக்கர் வாகையாளர் போட்டி தொடங்கக் காரணமாக இருந்த இவர், அப்போட்டியில் 15 முறை வென்றார். பங்கேற்ற எந்த ஆண்டிலும் தோல்வியுறவில்லை.

இளமை

டேவிஸ் டார்பிஷயர் மாவட்டத்தின் விட்வெல் என்னும் ஊரில் பிறந்தார். தந்தை நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி. பின்னர் செஸ்டர்ஃபீல்டு நகருக்கு அருகில் விடுதி நடத்தினார். அங்கிருந்த பில்லியர்ட்ஸ் மேசையில் டேவிஸ் ஆடப் பழகினார். 13 வயதில் செஸ்டர்ஃபீல்டு வட்டார வாகையாளரானார். 18 வயதில் தொழில்முறை ஆட்டக்காரரானார். 1928, 1929, 1930, 1932 ஆகிய ஆண்டுகளில் உலக பில்லியர்ட்ஸ் பட்டத்தையும் வென்றார்.

உலக வாகையாளர் போட்டி

ஸ்னூக்கர் 1875இல் ஜபல்பூரில் பிரித்தானிய அதிகாரிகளிடையே தோன்றியதாகவும், அதன் விதிகள் பின்னர் உதகமண்டலத்தில் வகுக்கப்பட்டதாகவும் கூறப்படுகிறது. எனினும் 1920களில் இது பில்லியர்ட்சுக்கு அடுத்த இடத்திலேயே இருந்தது. தொழில்முறைப் போட்டி நடத்துமாறு 1924இல் டாம் டென்னிஸ் விடுத்த வேண்டுகோளை பில்லியர்ட்ஸ் சங்கம் ஏற்கவில்லை. 1926இல் டேவிசும் பர்மிங்காமைச் சேர்ந்த பில் கேம்கினும் மேற்கொண்ட முயற்சிக்கு அனுமதி கிடைத்தது. 10 பேர் பங்கேற்றனர். 1927 மே மாதம் நடந்த இறுதி ஆட்டத்தில் டேவிஸ் டென்னிசை 20-11 என்ற கணக்கில் வென்றார். அவருக்குக் கிடைத்த தொகை 6 பவுண்டு 10 ஷில்லிங் மட்டுமே. அன்று வழங்கப்பட்ட கோப்பையே இன்றும் உலக வாகையாளருக்கு அளிக்கப்படுகிறது.

தொடக்க ஆண்டுகளில் இப்போட்டி தள்ளாடியது. 1931இல் இருவர் மட்டுமே கலந்துகொள்ள, டென்னிசுக்குச் சொந்தமான நாட்டிங்காம் ஆடுகூடத்தில் டேவிஸ் 25-21 என வென்றார். 1940இல் தன்னைவிட 12 வயது இளைய தம்பி ஃபிரெட் டேவிசை 37-36 என ஒரே ஃபிரேம் வேறுபாட்டில் வென்றார். போருக்குப் பின், 1946இல் ஹொரேஸ் லிண்ட்ரமை 78-67 என வென்று, இப்போட்டியிலிருந்து விலகினார்.

ஆட்ட முறை

பில்லியர்ட்சில் கற்ற வெள்ளைப் பந்துக் கட்டுப்பாட்டை டேவிஸ் ஸ்னூக்கருக்குக் கொண்டு வந்தார். ஒரு பந்தைப் பையில் வீழ்த்தும்போதே அடுத்த பந்துக்கு ஏற்ற இடத்தில் வெள்ளைப் பந்தை நிறுத்துவது இவரது சிறப்பு. வலக்கண் பார்வை குன்றியிருந்ததால் இடக்கண்ணுக்கு நேராகக் கோலைப் பிடித்தார். 687 முறை நூறு அல்லது அதற்கு மேற்பட்ட புள்ளிகளைத் தொடர்ச்சியாக எடுத்துள்ளார்.

15 சிவப்புப் பந்துகளையும், ஒவ்வொன்றுக்கும் பின் கறுப்புப் பந்தையும், இறுதியில் ஆறு வண்ணப் பந்துகளையும் பிழையின்றி வீழ்த்தினால் 147 புள்ளிகள் கிடைக்கும். ஜனவரி 22, 1955 அன்று இலண்டன் லெஸ்டர் சதுக்க மண்டபத்தில் வில்லி ஸ்மித்துக்கு எதிராக டேவிஸ் இதைச் செய்தார். தொழில்முறை ஆட்டக்காரர்களின் விதிகள் சங்கத்தின் விதிகளிலிருந்து வேறுபட்டதால் சங்கம் முதலில் இதை ஏற்கவில்லை, 1957இல் அங்கீகரித்தது. அதிகாரப்பூர்வமாக ஏற்கப்பட்ட முதல் 147 இதுவே.

விலகலின் விளைவு

1946க்குப் பின்னும் டேவிஸ் பிற போட்டிகளில் ஆடினார். தொழில்முறை ஆட்டக்காரர் சங்கத்தின் தலைவராகவும் இருந்தார். ஆனால் தலைசிறந்த ஆட்டக்காரர் கலந்துகொள்ளாத உலகப் பட்டத்தின் மதிப்பு குறைந்தது. சமநிலை ஆட்டங்களில் இவரை வென்ற ஒரே ஆட்டக்காரர் தம்பி ஃபிரெட் ஆவார். அவர் எட்டு முறை உலகப் பட்டம் வென்றும் அண்ணனின் நிழலிலேயே நின்றார். 1958 முதல் 1963 வரை உலகப் பட்டத்துக்கான போட்டியே நடைபெறவில்லை. தான் வளர்த்த போட்டியின் தளர்ச்சிக்கும் டேவிஸ் ஒரு காரணமானார் எனலாம். 1969இல் மீண்டும் வெளியேற்று முறையில் நடந்த இப்போட்டி, பின்னர் தரவரிசைப் போட்டிகளுள் முதன்மையானதாயிற்று.

இறுதிக் காலம்

1963இல் பிரித்தானிய அரசின் ஓ.பி.ஈ. விருது பெற்ற டேவிஸ், 1964இல் ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றார். 1978இல் ஷெஃபீல்டு குரூசிபிள் அரங்கில், 64 வயதான ஃபிரெட் உலகப் போட்டியின் அரையிறுதியில் பெர்ரி மான்சுடன் ஆடியதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது நோயுற்றார். ஃபிரெட் 16-18 எனத் தோற்றார். டேவிஸ் அவ்வாண்டு ஜூலை மாதம் காலமானார்.